தலை வெட்டிய அட்டைப்படம்

சொந்தச் செலவில் வெளியிடப்போகும் காதல் நாவலுக்கு லோர்னா இரண்டு அட்டைப்படங்களைக் கணினியில் காட்டினாள். ஒன்றில் சூரியகாந்தித் தோட்டம். மற்றதில் சட்டையில்லாத ஓர் ஆண். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

"தலை எங்க?" என்றான் அவள் கணவன் டுவேன், சாய்வு நாற்காலியில் சிப்ஸ் கொறித்தபடி. "அப்படியே ஒரு காபி."

"முகத்தை வாசகிகளே கற்பனை பண்ணிக்குவாங்க. அப்பதான் புக் விக்கும். ஃபேஸ்புக் குரூப்ல எல்லா ஓட்டும் இவனுக்குத்தான்."

டுவேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்தாலே தெரியுது, சரியான சோம்பேறிப் பய. உடம்பைக் காட்டியே பொம்பளைங்களை மயக்கறவன். இவனை நம்பிப் போனவ நடுத்தெருவுலதான் நிப்பா."

லோர்னா படத்தைப் பெரிதாக்கினாள். இடது தோளில் தூண்டில் முள் கிழித்த தழும்பு தெரிந்தது. டுவேனின் கை தானாகத் தன் இடது தோளுக்குப் போனது.

"நம்ம ஹனிமூன்ல ஏரிக்கரையில நான் எடுத்த படம்," என்றபடி எழுந்தாள். "நீ சொன்னதெல்லாம் சரிதான். ஆனா நடுத்தெருவுல இல்ல, அடுப்படியில நிக்கிறேன். காபிக்குச் சர்க்கரை எவ்வளவு?"