திங்கட்கிழமைப் பூனை

மில் விடுதிக்குத் திங்கட்கிழமை காலையில் பூனை வரும். அது யார் மடியில் ஏறுகிறதோ அவள் மனம் உடைந்தவள் என்பது மில்லின் கணக்கு. அன்றே அவளுக்கு வேலை போய்விடும்.

யாழினியின் தம்பி இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"அழுவாத புள்ள. இந்தா, நல்லா தேச்சுக்கோ. இந்த வாசம் பூனைக்கு ஆகாது," என்று பக்கத்துக் கட்டில் கௌசிகா ஆரஞ்சுத் தோலை நீட்டினாள்.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த கூடத்தில் வார்டன் மரகதம் நாற்காலியில் உட்கார்ந்து பூனையை இறக்கிவிட்டாள். அது யாழினியை முகர்ந்துவிட்டு விலகியது. கௌசிகாவிடமும் நிற்கவில்லை. நாற்பது பெண்களில் ஒருத்தியிடமும் நிற்கவில்லை. கூடம் முழுக்க ஆரஞ்சு மணத்தது.

பிறகு அது திரும்பி வந்து மரகதத்தின் மடியில் ஏறிப் படுத்தது.

"எறங்கு சனியனே!" என்று தள்ளினாள். மறுபடி ஏறியது. மேலே சுவரில் மில் நிர்வாகத்தின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை புது வார்டன் பூனையைக் கொண்டுவந்தாள். அவள் மீதும் ஆரஞ்சு மணத்தது.