தராசுக்காரியின் எடை

முள் இறங்கியிருந்தது. எடை மேடையிலிருந்து கீழே கால் வைக்கும்போது, போட்டியில் ஜெயித்தவளைப் போல அவள் முகம் மலர்ந்தது.

நர்ஸ் முகம் மலரவில்லை. மறுபடியும் ஏறச் சொன்னாள். முள் போய் நின்ற இடம் அதேதான்.

“ஏம்மா தராசுக்காரி, கோளாறு எங்க மெஷின்லயா, உன்கிட்டயா?”

“மெஷின் சரியாத்தான் இருக்கு சிஸ்டர். ஏறும்போதே பூஜ்யத்தைப் பார்த்துட்டேன்.”

தராசு பழுது பார்க்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. கடைகளிலிருந்து வரும் தராசுகளை எடைக்கல் வைத்துச் சோதித்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அனுப்புவாள். அவள் அடுக்கி வைத்த எடைக்கல்லை வேறு யாராவது நகர்த்திவிட்டால் போதும், அன்றைக்குப் பூராவும் அவளுக்கு வேலை ஓடாது. பட்டறையில் அதை வைத்தே அவளைக் கேலி செய்வார்கள்.

வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. எடை ஏறவேண்டிய காலம். அவளோ, பிள்ளை தங்குவதற்கு முன்பிருந்த தன் எடையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டாள். முள் அதற்கு மேல் ஒரு கோடு நகர்ந்தாலும் அன்று ராத்திரி பட்டினி. இப்போது அந்தக் கோட்டுக்கும் கீழே வந்துவிட்டிருந்தது.

இத்தனைக்கும் காரணமானவன், வெளியே பெஞ்சில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். மூத்த பிள்ளை, நாலு வயது. பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் அளவு பார்த்து வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் உள்ளேயே வந்திருந்தான். ஆட்டிசம் என்று போன வருஷம் சொல்லியிருந்தார்கள்.

அவனைச் சுமந்தபோது அவள் உருண்டு திரண்டு இருந்தாள். அந்தச் சமயத்தில் எடை கூடினால் பிள்ளை இப்படிப் பிறக்கும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னது அவள் அம்மாதான். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டாளா? மகள் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் சொன்னாள். “நீ வாயைக் கட்டியிருந்தா அவனுக்கு வாய் வந்திருக்கும்” என்று மருமகன் எதிரிலேயே சொன்னாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மற்றபடி அந்த அம்மாள் அதிகம் பேசாதவள். கணவர் போன பிறகு அவர் பக்கத்து உறவையும் விட்டுவிட்டு, ஒற்றைப் பெண்ணை வளர்த்து ஆளாக்கியவள். உடம்பு அன்றும் இன்றும் ஈர்க்குச்சிதான்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். உள்ளே இருக்கும் பிள்ளை வளரவேண்டிய அளவு வளரவில்லை, இப்படியே போனால் அதற்கு ஆபத்து என்றார். தாயின் எடைக்கும் ஆட்டிசத்துக்கும் ஏதோ கொஞ்சம் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ச்சி செய்பவர்கள் சொல்வதும் உண்மைதான். அதற்காக ஒரு தாயைக் கைகாட்டி, இவள் சாப்பிட்டதால்தான் பிள்ளை இப்படி என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றார்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மனசு ஆடவில்லை.

வெளியே வந்தபோது யாரோ ஒரு தள்ளுவண்டியைச் சுவரில் இடித்தார்கள். பையன் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டான். அவள் அம்மா பதறவில்லை. அவன் முதுகைத் தன் மார்போடு சேர்த்து, இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆடினாள். அவன் அடங்கினான். அவன் போகும் பயிற்சிப் பள்ளி டீச்சரே அதைப் பார்த்து, எங்கேம்மா கத்துக்கிட்டீங்க என்று ஒரு நாள் வியந்திருக்கிறாள். அதற்கும் அந்த அம்மாள் பதில் சொன்னதில்லை.

பின்னாலேயே வந்த நர்ஸ், அம்மாளிடம் நேராகவே போட்டு உடைத்துவிட்டாள். பிள்ளை வளரவில்லை, பெண்ணை முதலில் சாப்பிட வையுங்கள் என்று.

அம்மாள் பைக்குள் கையை விட்டுத் தனக்கென்று கொண்டுவந்த டப்பாவைத் திறந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும். ஒரு துண்டைப் பிட்டு மகள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

மகள் அந்தக் கையை விலக்கினாள்.

“நீதானேம்மா சொன்னே, நான் தின்னு தின்னுதான் இவனைக் கெடுத்தேன்னு?”

“சொன்னேன்.”

“இப்ப இன்னொண்ணையும் கெடுக்கச் சொல்றியா?”

எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாள் மடியிலிருந்த பேரனை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மகளின் முகத்தைப் பார்க்காமல், அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நீயும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலைடி. நான் சாப்பிடாததாலதான்னு அப்ப உங்கப்பா வீட்ல என்னைச் சொன்னாங்க.”