சாவி நடத்திய விசாரணை

மைதானத்தில் பந்தாட்டம் முடியுமுன்பே அடிதடி மூண்டது. உயிருக்குப் பயந்து தெற்குக் கேட்டுக்கு ஓடிய ஜனம், கேட் பூட்டிக் கிடந்ததால் அங்கேயே நசுங்கிச் செத்தது.

மறுநாள் விசாரணை. தலைமை யார் என்கிறீர்கள்? அதே கேட்டின் சாவிதான்.

குவிந்து கிடந்த செருப்புகளிலிருந்து வார் அறுந்த ஒற்றை ரப்பர் செருப்பு ஒன்றைத் துடைப்பம் இழுத்து வந்து நிறுத்தியது.

"உன் ஜோடி எங்கே?" என்றது சாவி.

"எங்க ஆள் காலோடயே ஆஸ்பத்திரிக்குப் போச்சுங்கய்யா. ரெண்டு பேருமே திரும்பலை."

"ஒரு ஜோடியாக வந்து போகத் தெரியாத உங்களுக்கெல்லாம் ஆட்டம் ஒரு கேடா?"

செருப்பு சாவியை விட்டுத் திரும்பியது. கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்து, "அண்ணே, அத்தனை பேர் கதறினப்ப நீங்களாவது திறந்திருக்கக் கூடாதா?" என்றது.

"நானா எப்படித் தம்பி திறப்பேன்? நானும் கத்திக்கிட்டுத்தான் இருந்தேன். சாவி ஐயா மேல, பெரிய மனுஷங்க வரிசையில..." சாவி முறைத்ததும் பூட்டு வாயை மூடிக்கொண்டது.

"அப்ப ஐயா இறங்கி வந்திருந்தா..." என்று இழுத்தது செருப்பு.

"வாயை மூடு. செத்தவர்கள் உடம்பு முழுக்கச் செருப்புத் தடம். எங்கேயாவது சாவித் தடம் இருந்ததா?"

துடைப்பம் செருப்பைக் குவியலுக்கே இழுத்துப் போனது.

செருப்புகளைக் கொளுத்தச் சொல்லித் தீர்ப்பானது. அடுத்த ஆட்டத்துக்கு ஜனம் வெறுங்காலோடு வந்தது. தெற்குக் கேட்டில் இரண்டு பூட்டுகள் தொங்கின.