தட்டல் சத்தம்

பனியன் துணி ஏற்றிச் சந்தனம் ஓட்டிய வண்டியை, அவர் இறந்த பிறகு மனைவி ரோஸ்மேரிதான் ஓட்டுகிறாள். இன்ஜினுக்குள் டிக் டிக்கென்று ஓயாமல் தட்டும்.

"ஆயில் தண்ணியாட்ட இருக்குதுங்க அக்கா. இப்படியே ஓட்டுனா இன்ஜின் போயிருமுங்க. கொஞ்சம் கட்டியா ஊத்தினா சத்தம் அடங்கிருமுங்க," என்றார் மெக்கானிக் மகுடேஸ்வரன்.

"அவரு ஊத்தவே விடமாட்டாரே."

"ஆமாங்க. சத்தம் கேட்டாத்தான் ஊட்டுல தோசைக்கல்லு அடுப்பேறும்னு சொல்லுவாருங்க."

உண்மைதான். பல்லடம் ரோட்டில் எத்தனை வண்டி போனாலும் அந்தத் தட்டல் அவளுக்குத் தனியாகக் கேட்கும். அவர் கை கழுவி உட்காரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும்.

"ஊத்திருங்க," என்றாள்.

ராயபுரத்து வீடு வரை வண்டி சத்தமே இல்லாமல் வந்தது. வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டினாள். மத்தியானச் சோறே போதுமென்று தட்டெடுத்து உட்கார்ந்தாள்.

தெருமுனையில் டிக் டிக்கென்று கேட்டது. மெதுவாக நெருங்கி வந்து வாசலில் நின்றது. ரோஸ்மேரி எட்டிப் பார்த்தாள். அவளுடைய வண்டி மட்டும்தான் நின்றிருந்தது. சாவி ஆணியில்தான் தொங்கியது.

வெளிக்குழாயில் யாரோ கை கழுவினார்கள்.

அவள் எழுந்துபோய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.