சக்கரம் இல்லாத வாகனம்

ஆயுத பூசை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. கூடத்துத் தரையில் அப்பாவின் ஸ்பேனர்களும் அம்மாவின் தையல் மெஷினும் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, ஏறக்குறைய சுவருக்குச் சுவர், கதிரேசனின் அலைச்சறுக்குப் பலகை. அலையில் கால் வழுக்காமலிருக்க அவன் தேய்த்து வைத்திருந்த மெழுகை அழுக்கென்று நினைத்து, அம்மா கரண்டியால் சுரண்டிக் கழுவிவிட்டார். பளபளக்கும் பலகையில் சந்தனம், குங்குமம். செராத்திங் கடற்கரையில் அவனுக்கு வேலையும் அறையும் பார்த்து வைத்திருக்கும் நண்பன் இன்று மாலைக்குள் பதில் கேட்டிருக்கிறான். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில், வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அப்பா நல்ல கையால் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுகிறார். கீழே ரயில் கடக்க, ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன.

“மோட்டார்னா சக்கரத்துக்கு அடியில வைக்கலாம். இதுக்கு எங்க வைக்கிறதுப்பா?” என்கிறார் அம்மா. பிறகு தானே பலகையின் முனைக்கடியில் பழத்தைச் செருகுகிறார். “சனிக்கிழமை போய்ட்டு ஞாயித்துக்கிழமை வந்துடுலா. ஒரு ராத்திரி அப்பாவ நான் தனியா தூக்கிப் படுக்க வச்சிடுவேன்.”

“அம்மா, நான் அங்கயே...”

“தள்ளுப்பா, நல்ல நேரம் போயிடும்.”

கதிரேசன் மண்டியிட்டுத் தள்ளுகிறான். விரலளவு நகர்ந்ததுமே பலகையின் மூக்கு சுவரில் முட்டி நிற்கிறது. பழம் நசுங்கவில்லை.

“நகந்துச்சுல்ல,” என்று அம்மா கற்பூரத்தைக் கொளுத்துகிறார். “அது போதும்.”