பதினொன்று இருபது

“இந்த அட்டையை எங்க வாங்கின? எழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கே!”

தாள்கள் அடங்கிய கோப்பைக் கையில் வாங்கியதும் பேராசிரியர் முதலில் கேட்டது அதைத்தான். உள்ளே இருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல, அட்டையில் எழுதியிருந்த அவள் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். ழகரத்தின் வால்கூட அளவெடுத்து வளைந்திருந்தது.

“கடையில வாங்கினது இல்ல சார்” என்றாள்.

முதுகலை இரண்டாம் ஆண்டு. பின்நவீனத்துவம் பற்றிய பாடம். ஆளுக்கொரு பிரதியை எடுத்து வகுப்பின் முன் பேச வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். மற்றவர்கள் நாவல், சினிமா என்று கையில் கிடைத்ததைப் பிடித்துக் கரையேறிவிட்டார்கள். அவள்தான் பாடநூலை நான்கு முறை படித்தும் ஒரு மண்ணும் விளங்காமல் கிடந்தாள். விளங்கிய இடங்களில் கோபம்தான் வந்தது.

உண்மை என்று ஒன்று கிடையாதாம். அவரவர் சொல்வது அவரவர் கதையாம். ஒரு கதையைவிட இன்னொரு கதை உசத்தி என்று சொல்ல நாம் யாராம்?

‘உண்மை’ என்ற சொல் வாயில் வரும்போதெல்லாம் பேராசிரியர் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மடக்கி, காற்றில் மேற்கோள் குறி போடுவார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே ‘மேற்கோள் சார்’தான். முன்பெல்லாம் அவளும் சேர்ந்து சிரித்தவள். இந்த எட்டு மாதமாக அந்தக் கைகள் மேலே போனாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கொண்டுவந்திருந்தவை மூன்று தாள்கள், வழக்குக் கட்டிலிருந்து எடுத்த நகல்கள். எட்டு மாதத்துக்கு முன் அட்டைப்பெட்டி ஆலை ஒன்றில் நடந்த விபத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து அவர் முன் வைத்தாள்.

முதலாவது, மேற்பார்வையாளர் இயந்திரக் குறிப்பேட்டில் எழுதியது. வெட்டுக் கத்திக்கு முன்னால் இருக்கும் தடுப்பு மூன்று நாளாக உடைந்து கிடக்கிறது, சொல்லியும் மாற்றவில்லை. காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு தொழிலாளியின் வலது கை கத்தியில் சிக்கியது.

இரண்டாவது, மருத்துவமனைச் சீட்டு. பத்து பத்துக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை தொடங்கியது. மணிக்கட்டோடு வலது கை அகற்றப்பட்டது. மயக்கம் தெளிந்தது பிற்பகல் ஒன்றரைக்கு.

மூன்றாவது, அந்தத் தொழிலாளியின் வாக்குமூலம். தடுப்பைக் கழற்றியவன் நானேதான், யார்மேலும் குறையில்லை, முழுச் சுயநினைவோடு சொல்கிறேன். கீழே இடது பெருவிரல் ரேகை. அதே நாள், காலை பதினொன்று இருபது.

வரும் செவ்வாய்க்கிழமை தொழிலாளர் நீதிமன்றத்தில் அதன்மேல் விசாரணை. மூன்றாவது தாள் உண்மையென்று நின்றுவிட்டால் அந்த மனிதருக்குக் கேட்க நாதி கிடையாது, தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவர் என்ற பெயர்தான் மிஞ்சும். போன விசாரணையில் ஆலையின் வக்கீல், “ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதைன்னு நம்பறது?” என்று சிரித்தாராம். பாடநூலின் பதினான்காம் பக்கத்திலும் ஏறக்குறைய அதேதான் இருந்தது.

மூன்றாவது தாள் பொய் என்று படித்த மனிதர் ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தாள். மதிப்பெண் எக்கேடும் கெட்டுப் போகட்டும்.

பேராசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அடடா! காலத்தையே கலைச்சுப் போட்டிருக்கு, கவனிச்சீங்களா? ஒரே ஆள் மயக்கத்துலயும் கிடக்கறான், அதே நேரத்துல வாக்குமூலமும் கொடுக்கறான்!”

வகுப்பு சிரித்தது. முன்வரிசையில் ஒருவன் அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டான்.

இதில் எது ‘உண்மை’ என்று தேடுவதே வீண்வேலை என்றார் பேராசிரியர். கைகள் மேலே போய் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், பாவம், மொழிக்கு வெளியே நிற்கிறான், வெறும் ரேகையாக மட்டும் பிரதிக்குள் வருகிறான், இதைவிட நல்ல பிரதி கிடைக்குமா என்றார். சொல்லிக்கொண்டே மூன்றாவது தாளின் ஓரத்தில், ரேகைக்குப் பக்கத்திலேயே, ‘மிகச் சிறப்பு’ என்று சிவப்பு மையில் எழுதினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆலைக்காரன் பொய் சொன்னான், அவனுக்கு அதில் லாபம் இருக்கிறது. இந்த மனிதருக்கு என்ன லாபம்? சல்லிக்காசு பிரயோஜனம் இல்லாமல் ஒருவர் அந்தப் பொய்யைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சுவாரா?

கோப்பைப் பிடுங்காத குறையாக அவரிடமிருந்து வாங்கினாள். மூடினாள். அட்டை மேலே தெரியும்படி மேசையில் வைத்து, மூன்றாவது தாளை எடுத்து அதன் பக்கத்தில் போட்டாள். அழகான அவள் பெயரும் கலங்கிய மை ரேகையும் அருகருகே கிடந்தன.

“அவருக்கு எழுதத் தெரியும் சார். நான் இங்க சேர்ந்தப்ப இந்த அட்டையை வெட்டி, என் பேரை எழுதிக் கொடுத்தது அவர்தான். எங்கப்பா.”

நோட்டில் எழுதியவன் பேனாவை மூடிவிட்டான்.

பேராசிரியர் அட்டையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பதினொன்று இருபதை இன்னொரு முறை பார்த்தார்.

“இல்லம்மா... உண்மை என்னன்னா...” என்று தொடங்கியபோது பழக்கதோஷத்தில் அவருடைய இரண்டு கைகளும் மேலே எழுந்தன. பாதியில் நின்றன.

அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல், மெல்ல மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.