இன்னும் கடுமையாக ஒரு வார்த்தை

“மேடம், ‘மோசம்’னு சொல்ல இன்னும் கடுமையான இங்கிலீஷ் வார்த்தை வேணும்” என்றார் மூன்று மாதமாக வகுப்புக்கு வரும் மிஸ்ரா. பாட்னாவிலிருந்து காரைக்குடிக்கு மாற்றலாகி வந்து, தமிழ் பேசவும் பழகிவிட்ட வங்கி அதிகாரி.

இந்திக்காரர்களுக்கு உயர்தர ஆங்கிலச் சொற்கள் கற்றுத்தரும் யோகலட்சுமிக்கு உற்சாகம் பொங்கியது. “‘அட்ரோஷியஸ்’னு போடுங்க சார். என்ன எழுதுறீக?”

“ஒரு கம்ப்ளெயின்ட்.”

“வீட்டு ஓனர் மேலயா? தண்ணி விட மாட்டேங்கிறாருன்னு சொன்னீகளே!”

மிஸ்ரா தலையைக் குனிந்துகொண்டார். “தாங்க முடியலைன்னா?”

“‘இன்டாலரபிள்’.”

“தற்பெருமை பிடிச்ச ஆளுன்னா?”

“‘பாம்பஸ்’. விடாதீக சார், நல்லா உறைக்கணும்!” ஸ்பெல்லிங்கையும் அவளே திருத்திக் கொடுத்தாள்.

மறுநாள் காலை கணவன் உதயகுமார் செல்போனோடு ஓடி வந்தான். “யோகா, நம்ம கிளாசுக்கு நெட்டுல எவனோ ஒத்த ஸ்டார் போட்டுத் திட்டியிருக்கான். புது பேட்ச் சேர்ற நேரத்துல இப்படியா!”

வாங்கிப் படித்தாள். ஒரு வார்த்தைக்கு நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொல்கிறாளாம். அட்ரோஷியஸ், இன்டாலரபிள், பாம்பஸ் மூன்றும் அவள் பெயருக்கு முன்னால் வரிசையாக நின்றன. ஒரு பிழை இல்லை.

“பதிலுக்கு நறுக்குன்னு நாலு வரி எழுதவா?”

“வேணாங்க. இதைப் பெருசா பிரிண்ட் எடுத்து கிளாஸ் வாசல்ல ஒட்டுங்க. ‘மோசம்’னு சொல்ல ‘பேட்’டைத் தவிர எதுவும் தெரியாம வந்தவரு, மூணே மாசத்துல எழுதினதுன்னு கீழே போடுங்க.”